ஆக்ரிக்கடைக்குப் போன சீசியம் வில்லை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கெய்கர் எண்ணியின் செய்முறைக்காக வைத்திருந்த, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் வில்லை ஒன்று காணாமல் போயிற்று. அதனுள் இருந்தது 5 மைக்ரோகியூரி (கதிரியக்க அளவின் அலகு) சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள்.

கோடை விடுமுறையில் உடைந்த பீரோக்களையும் பழைய கருவிகளையும் எடைக்குப் போட்டபோது, கதிர்வீச்சைத் தடுக்க வில்லையை வைத்திருந்த ஈயக்கலமும் அவற்றோடு போய்விட்டது. இருப்புப் பதிவேட்டில் கலம் ஒரு பக்கத்திலும் வில்லை வேறொரு பக்கத்திலும் இருந்தன; கலத்தின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டோ எப்போதோ உதிர்ந்துவிட்டது. கழிவுப் பட்டியலில் கையெழுத்திட்டவர்களுக்கு அது வெறும் ஈயம்.

2010 பிப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்த செய்தி எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. எங்கள் வில்லை அதன் வலிமையில் மிகச் சிறு துளிகூட இல்லை என்பது உண்மைதான்; ஆனாலும் அது உலைக்குள் போனால் பிளாஸ்டிக் எரிந்து, சீசியம் புகையோடும் தூசியோடும் பரவிவிடும். ஆகவே மேலிடத்துக்குத் தகவல் சொன்ன கையோடு, எண்ணியை எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் சாலையில் இருந்த ஆக்ரிக்கடைக்கு, அதாவது அந்தக் கழிவுகளை வாங்கிய பழைய இரும்புக் கடைக்குச் சென்றோம்.

கடைக்காரர் தமிழர். “சாரே, ஈயத்தை அன்னைக்கே கோயம்புத்தூருக்கு ஏத்திட்டேன். உள்ளே என்னமோ பட்டன் மாதிரி இருந்துச்சு, தட்டிவிட்டுட்டேன்,” என்றார். எங்களுக்குப் பாதி மூச்சு வந்தது.

இவ்வளவு சிறிய மூலத்தைத் தேடுவது பலரும் நினைப்பதுபோல் எளிதன்று. ஓர் அடி தள்ளிப் போனாலே அதன் கதிர்வீச்சைப் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து பிரித்தறிவது கடினமாகிவிடும் என்பதால், எண்ணியின் குழாயைத் தரையோடு தரையாகப் பிடித்து, ஒவ்வொரு சாணிலும் நிறுத்தி எண்ண வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து என்று ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை ஒரு மூலையில் சட்டென்று பல மடங்காக ஏறியது. ஆவலோடு கிளறினால், கிடைத்தவை பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில்கள்! அவற்றில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு என்று பாடம் நடத்திய நாங்களே அந்த இடத்தில் ஏமாந்தோம்.

கடைசியில் தராசு மேடையின் அடியில், எண்ணெய்ப் பிசுக்கேறிய போல்ட்டுகளுக்கு நடுவே, வில்லை கிடந்தது. இடுக்கியால் எடுத்து, மேற்பரப்பைத் துடைத்த தாளையும் எண்ணியில் வைத்துப் பார்த்ததில் கசிவு ஏதும் தெரியவில்லை. தராசருகே எப்போதும் நிற்கும் பையனைப் பற்றிக் கடைக்காரர் கவலையோடு விசாரித்தார். அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று கணக்கிட்டுக் காட்டிய பிறகே சமாதானமானார்.

மறு வாரமே வில்லையும் புதிய கலமும் பதிவேட்டில் ஒரே பக்கத்தில், சிவப்பு மையில் ஏறின. துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் ஈயப் பொருள் எதுவும் ஆய்வகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற உத்தரவும் வந்தது.