கோழி, வாத்து வளர்ப்பவர்களே, உங்கள் மனதை விட்டுப் போகாத அந்த ஒரு சம்பவம்?

தட்டோன் ரப்பர்க்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். பர்மாவில் தட்டோன் பக்கம் ஒன்றரை ஏக்கர், பாதி ரப்பர், மீதி பாக்கு, வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் நெல். நாட்டுக்கோழி 20 இருக்கும், பகலெல்லாம் அதுகள் பாட்டுக்கு மேயும். அம்மாவுக்குத் திடீரென்று வாத்து ஆசை வந்து, ஒரு கறுப்புப் பெட்டைக்கு 9 வாத்து முட்டை வைத்து அடைக்கு உட்கார வைத்தார். கோழி முட்டை 21 நாள், வாத்துக்கு 28 என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் கூடுதலாக உட்கார்ந்ததில் அது எலும்பும் தோலுமாகிப் போனது. 7 பொரிந்தது.

பொரிந்து நாலாவது நாள், ஆனி மழை, வயலில் முழங்கால் தண்ணீர். கோழி குஞ்சுகளை வரப்பு மேல் கூட்டிக்கொண்டு போக, ஏழும் தொபுக் தொபுக்கென்று இறங்கிவிட்டன. முழுகிச் சாகப்போகிறதுகள் என்று நினைத்து அது வரப்பில் மேலும் கீழும் ஓடிக் கத்துகிறது. கடைசியில் தானும் குதித்துவிட்டது. இறக்கை நனைந்து தண்ணீர் மேல் விரிந்து கிடக்க, கழுத்து மட்டும் வெளியே. அப்போதுதான் நாணல் பக்கம் இருந்து உடும்பு வந்தது. பர்மாக்காரர்கள் 'புட்' என்பார்களே, அந்த நீருடும்பு, என் உயரம் இருக்கும்.

கையில் கம்போடு நாலு எட்டில்தான் நின்றேன். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, அது வீட்டுக்கு ஆகாத பிராணி, பெண்டாட்டி மாசமாக இருக்கிற நேரத்தில் அதோடு வம்பு வைத்துக்கொள்ளாதே என்று கத்தினார். ஓங்கின கை ஓங்கினபடி நின்றுவிட்டது. உடும்பு கோழியைக் கவ்விக்கொண்டு நாணலுக்குள் போனது. குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாசிக்குள் மூக்கை விட்டுத் துழாவிக்கொண்டே மிதந்தன. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெகு வாத்துக்காரர்:

தம்பி, வருத்தம்தான், ஆனால் உடும்பைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. நாலு நாள் குஞ்சைத் தண்ணீர்ப் பக்கம் விட்டது உங்கள் தப்பு. தாய் வாத்தோடு திரிகிற குஞ்சுக்கு அவள் உடம்பு எண்ணெய் படும், தண்ணீர் ஒட்டாது. கோழி பொரித்த குஞ்சுக்கு அது கிடையாது, பஞ்சு மாதிரி ஊறிப்போய் விறைத்துச் செத்துவிடும். உங்கள் ஏழு பிழைத்ததே அதிர்ஷ்டம். இறகு முளைக்க நாலைந்து வாரம் ஆகும், அதுவரை தட்டில்தான் தண்ணீர், மூக்குத் துளை முங்குகிற ஆழம் இருந்தால் போதும். தீனிப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவிடு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடைக் கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் கால் வளைந்து உட்கார்ந்துவிடும், வாத்துக்கு நியாசின் என்கிற வைட்டமின் கூடுதலாக வேண்டும், கொஞ்சம் ஈஸ்ட் கலந்துவிடுங்கள். அப்புறம் பெரிய வாத்தைக் காலை 8 மணிக்கு முன்னால் திறக்கவே கூடாது. முட்டை எல்லாம் விடியற்காலையில்தான் போடும், முன்னாடியே திறந்தால் வயலில் போட்டுவிட்டு வரும், அதை ஊரான் பொறுக்குவான். கூட்டில் விரிக்கிற உமி காய்ந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் இறக்குவதற்கு முன் அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள், நத்தை மருந்து போட்ட வயலென்றால் மறுபடி யோசிக்காதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

என் கதை சின்னது. ஒரு மார்கழி ராத்திரி கூட்டுக் கதவைத் தாழ் போட்டேனா இல்லையா என்று படுத்த பிறகு சந்தேகம் வந்தது. குளிர், எழுந்திருக்கவில்லை. காலையில் 14 வாத்து, எல்லாம் கழுத்தில் மட்டும் கடி. மரநாய் ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

தோங்வா அக்கா:

பெகு அண்ணே, அவர் கோழி போனதைச் சொல்கிறார், நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள்.

என்னுடையது வெட்கப்படவேண்டிய கதை. 30 வாத்து வைத்திருந்தேன், முட்டை பூராவும் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற கடைக்குப் போகும். தென்ஜான் தண்ணீர்த் திருநாளுக்குப் பத்து நாள் முன்னால், நல்ல வெயில், குட்டை வற்றிச் சேறாகிக் கிடந்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஆறு வாத்து கழுத்தைத் தூக்க முடியாமல் துணி மாதிரிப் போட்டுக் கிடக்கின்றன, கண் மட்டும் முழித்துப் பார்க்கிறது. இரண்டு அங்குலத் தண்ணீரில் மூக்கு முங்கியே இரண்டு செத்திருந்தன. மத்தியானத்துக்குள் பதினொன்று.

பக்கத்துக் கொல்லைக்காரர் ஒரு பர்மாப் பெரியவர். என் வாத்து அவர் கீரைப் பாத்தியில் இறங்குகிறதென்று முந்தின வாரம்தான் சண்டை. விஷம் வைத்துவிட்டார் என்று தெருவில் நின்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினார். சேற்றுக்குள் ஒரு பெரிய விரால் செத்து வெடித்துக் கிடந்ததைக் கம்பால் தூக்கிக் காட்டினார். அது முழுக்கப் புழு. அந்தப் புழுவை வாத்து தின்றிருக்கிறது. மாட்டு டாக்டரும் அதையே சொன்னார்: அழுகலில் ஊறும் கிருமியின் நஞ்சு, அது புழுவில் ஏறும், தின்ற வாத்துக்குக் கழுத்து செத்துப்போகும், முங்கவிடாமல் நிழலில் வைத்துச் சுத்தத் தண்ணீர் புகட்டினால் சிலது பிழைக்கும் என்றார்.

ராத்திரி ஒரு வாத்தை அந்தப் பெரியவர் தன் மடியில் வைத்து, தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கரண்டியால் தண்ணீர் விட்டபடி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று என் மடியில். விடியும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் பிடித்தது பிழைத்தது. என்னுடையது போய்விட்டது.

பழைய ரங்கூன் பையன்:

யாருமே பறவைக் காய்ச்சலைப் பற்றிப் பேசவில்லையே. 2006 மார்ச்சில் மாந்தலே, சகாயிங் பக்கம் முதலில் வந்தது. மறுவருஷம் ரங்கூன் பக்கம். எனக்கு அப்போது 9 வயது. எங்கள் கோழிக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் வட்டாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, கையில் சாக்கு.

என் புள்ளிக்கோழியை மட்டும் அடுப்படியில் பஞ்சாரம் போட்டு மூடி, மேலே சாக்கை விரித்து, அதன் மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்கள் எண்ணினார்கள், எழுதினார்கள், அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள், வாசலைத் தாண்டிவிட்டார்கள். அப்போது பார்த்து அது முட்டையிட்டது. இட்டதும் கோழி சும்மா இருக்குமா? கெக்கெக்கெக் கேக் என்று ஊருக்கே சொன்னது. முகமூடிக்காரர் திரும்பி வந்து என் முன்னால் குந்தினார். முகமே தெரியவில்லை, கண்ணாடிக்குள் வேர்வை மட்டும். 'தம்பி, எழுந்திரு' என்று பர்மியில் மெதுவாகத்தான் சொன்னார். முட்டை சூடாக இருந்தது, அதையும் வாங்கிக்கொண்டார்.

பல நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருஷக் கடைசியில் ஷான் மாநிலத்தில் 7 வயதுச் சிறுமிக்கு அந்த நோய் வந்து பிழைத்தாள், நாட்டில் மனிதருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆகவே பெகு அண்ணன் இவ்வளவு சொன்னவர் முக்கியமானதை விட்டுவிட்டார்: கோழியையும் வாத்தையும் ஒரே கூட்டில் அடைக்காதீர்கள். வாத்து நோயைச் சுமந்துகொண்டு தெம்பாகத் திரியும், கோழிதான் சாகும்.

பெகு வாத்துக்காரர்:

விடவில்லை தம்பி, இடம் போதவில்லை. கோழிக்கு வருகிற வெள்ளைக் கழிச்சல் நோய்க்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதையும் இன்னும் சொல்லவில்லை. நாலு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கோழிக்கு ஒரு சொட்டு, விட்டதும் இமை மூடித் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். குஞ்சு, கிழடு எதையும் விடக்கூடாது.

முனியாண்டி பேரன்:

எங்கள் வீட்டில் முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று மூன்று வருஷம் வளர்ந்தது, இரண்டு வீசைக்கு, அதாவது மூன்று கிலோவுக்கு மேல் நிறை. பூசை அன்று காலையில் பிடிக்கப் போனால், தானாகவே வந்து தாத்தா காலடியில் நின்றது. அன்றிலிருந்து தாத்தா கோழிக்கறி தொடவில்லை. வாத்துக்கறி சாப்பிடுவார்.

தட்டோன் ரப்பர்க்காரன்:

பெகு அண்ணே, தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 8 மணிக் கணக்கு எங்களுக்கு ஒத்துவராது, ராத்திரியே ரப்பர் பால் வெட்டக் கிளம்புகிற வீடு, பகல் வேளையில் வந்து யார் திறப்பது?

தோங்வா அக்கா, அந்தப் பெரியவரோடு அப்புறம் பேசினீர்களா?

ஏழு குஞ்சில் ஐந்து பெட்டை. இப்போது தினம் நாலு முட்டை. மகளுக்கும் ஒரு வயது முடிந்துவிட்டது, ஒரு குறையும் இல்லை. நேற்று அடுப்படிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதே என்று தூக்கிப் பார்த்தேன். அடியில் 11 வாத்து முட்டை. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.