கேமராவுக்குப் பின்னால் அம்மா நிற்கட்டும்

பாப்பாவுக்கு 11 மாதம். அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், நாங்களும் போக வேண்டும். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே போட்டோ எடுத்துவிடுகிறார்கள். 4 வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் நாம்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு நாள் ஒரு ஸ்டூடியோவுக்கு அலைந்தேன். ஸ்டூலில் உட்கார வைத்ததுமே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். எடுப்பவர் பொறுமை இழந்து, "அழுதா ஊசி போட்டுடுவேன்" என்று அதட்டினார். ஊசி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் அந்தக் குரல் புரிந்துவிட்டது. இப்போது அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்கள் வீட்டில் எப்படி எடுத்தீர்கள், சொல்லுங்களேன்.

*

தங்கச்சி, நான் 1991-லிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. உங்கள் பாப்பாவிடம் ஒரு தப்பும் இல்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரைக்கும் புது முகம் கண்டு மிரளுகிற பருவம். இவர் நம்ம ஆள், இவர் புது ஆள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டதன் அடையாளம் அது. அதைப் போய்ப் பிடிவாதம் என்கிறோம்.

என் கடைக்கு அந்த வயசுப் பிள்ளை வந்தால் முதல் பத்து நிமிஷம் கேமராவைத் தொடமாட்டேன். தரையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பேன், பிள்ளையை நேராகப் பார்க்கக்கூட மாட்டேன். லென்ஸ் மூடியைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அதுவாக வந்து எடுக்கும். எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, யார் எங்கே நிற்பது. பாட்டி இடது பக்கம் கை தட்டுவார், மாமா வலது பக்கம் விசில் அடிப்பார், சித்தி செல்போனில் பாட்டு போடுவார். பிள்ளை எந்தப் பக்கம்தான் பார்க்கும்? அம்மாவைத் தவிர எல்லாரையும் வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். அம்மா எனக்குப் பின்னால், என் தலைக்கு மேலே முகம் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். பிள்ளை கேமராவைப் பார்க்கவே வேண்டாம், அம்மாவைப் பார்த்தால் போதும். அம்மா முகம் லென்ஸை ஒட்டி இருந்தால் படத்தில் நம்மையே பார்க்கிற மாதிரி விழும். கிலுகிலுப்பையை ஒரே ஒரு தரம் ஆட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள். சத்தம் நின்றதும் "எங்கே போச்சு?" என்று ஒரு பார்வை பார்க்கும். வாய் மூடியிருக்கும், கண் நன்றாகத் திறந்திருக்கும். பாஸ்போர்ட்டுக்கு வேண்டியது அதுதான்.

நான் தொழில் பழகிய காலத்தில் 120 என்கிற ஃபிலிம் ரோலில் சதுரப் படம் 12தான் வரும். என் குரு, "பிள்ளைக்கு அலுப்பு தட்டுறதுக்கு முந்தி எடுத்துடணும்டா" என்பார். இப்போது கேமராவில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம், ஆனால் பிள்ளையின் பொறுமை அன்றைக்கு இருந்த அளவுதான் இருக்கிறது.

சின்னக் கைக்குழந்தையாக இருந்தால் ஜன்னலோரம் வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்க வைத்து மேலேயிருந்து எடுத்துவிடலாம். 11 மாதத்துப் பிள்ளை புரண்டு ஓடிவிடும். அதற்கு, ஒருவர் தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதியப் பல விநாடி ஆகும் என்பதால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படித்தான் அம்மாவைத் துணிக்குள் மறைத்துப் பிள்ளைகளைப் படம் எடுத்தார்கள். அந்தப் பழைய படங்களில் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணி மூட்டை தெரியும், அதுதான் அம்மா. துணியில் மடிப்பு விழாமல், கை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நிழலும் விழக்கூடாது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அந்த நேரத்துக்குத் துடைத்துவிட்டு உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு 4.5-க்கு 3.5 செ.மீ. பால் குடித்துத் தூங்கி எழுந்த பிறகு எடுங்கள்.

*

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஐந்து வயதில் பூ தைத்து எடுத்த போட்டோ இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அத்தை காலையிலிருந்து உட்கார வைத்துத் தாழம்பூவும் மல்லிகையுமாகத் தைத்தாள். கழுத்து வலி, பசி. ஸ்டூடியோவில் ஜடை தெரிய வேண்டும் என்று பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தார்கள். "சிரி, சிரி" என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கு உதடு பிதுங்கியது. போட்டோக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து, "ஜடையில எத்தனை வரிசை பூ இருக்கு, எண்ணிச் சொல்லு பாப்பா" என்றார். கண்ணாடியைப் பார்த்து எண்ணினேன். ஏழோ எட்டோ என்று சொல்லத் திரும்பிய நேரத்தில் எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை, உதடு எண்ணிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்த படம் வேறு இல்லை.

பேரனுக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டபோது அதை நினைத்துக்கொண்டேன். கிரீடம் குத்தும், அதைக் கடைசியாக வைத்தோம். முதலில் மயிலிறகோடு மட்டும் எடுத்தோம். நல்ல படம் அதிலேயே வந்துவிட்டது.

*

என் மகனுக்கு ஆட்டிசம், 6 வயது. பள்ளி அடையாள அட்டைக்காகப் போனோம். ஃபிளாஷ் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவான். அங்கிருந்த தம்பி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்துக்கு நாற்காலியைக் கொண்டுவந்தார். கேமராவை இவன் கையில் கொடுத்து என்னை ஒரு படம் எடுக்க வைத்தார். பிறகு, "மூணு தடவை டிக் சத்தம் வரும், அப்புறம் வீட்டுக்கு" என்றார். சரியாக மூன்றுதான் எடுத்தார். மூன்றாவதில் இவன் கண் சற்றே மூடியிருந்தது, ஆனாலும் நான்காவது எடுக்கவில்லை. இரண்டாவதே போதும் என்று அதைத்தான் கொடுத்தார். அடுத்த வருஷம் அதே கடைக்கு இவனாகவே முன்னால் நடந்து போனான்.

*

அண்ணா, நேற்றுக் காலையில் வீட்டிலேயே எடுத்துவிட்டோம். துணியை அத்தை போர்த்திக்கொண்டார்கள், அவர்கள் மடியில் பாப்பா. என் தம்பி தரையில் உட்கார்ந்து எடுத்தான், நான் அவன் தலைக்கு மேலே. கிலுகிலுப்பையை ஒரு தரம் ஆட்டி நிறுத்தினேன். நீங்கள் சொன்ன அந்தப் பார்வை அப்படியே வந்தது. துணிக்குள்ளேயிருந்து அத்தை "எடுத்தாச்சா?" என்று கேட்ட சத்தத்துக்குப் பாப்பா திடுக்கிட்டுத் திரும்பிச் சிரித்த படமும் ஒன்று இருக்கிறது. அதை அவள் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.