துணைச்சட்டகமா, தாங்குபாரா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். காரின் முன்பக்க அடியில் எஞ்சினையும் சக்கரக் கைகளையும் தாங்கும் சப்ஃபிரேம் என்ற இரும்பு உறுப்புக்குத் தமிழ்ச்சொல் கேட்டுச் சென்ற வாரம் நான் எழுதிய மடலுக்கு மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் துணைச்சட்டகம் என்றீர்கள். கோவை அன்பர் எஞ்சின் தொட்டில் என்றார். சப்ஃபிரேம் என்றே விட்டுவிடலாம் என்பது பேராசிரியர் ஐயாவின் கருத்து. மூன்றையும் பணிமனையில் வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

சொல் தேவைப்படும் இடத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு சிறிய பணிமனையில், இந்தியாவுக்கு 1998இல் வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி ஒன்றின் 1.5 லிட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, உடைப்புக்கு வந்த அக்கார்டு ஒன்றிலிருந்து எடுத்த 2.4 லிட்டர் கே வரிசை எஞ்சினைப் பொருத்துகிறார்கள். வேலை செய்பவர்களில் பாதிப்பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள். கன்னடமும் உருதுவும் பேசுவார்கள், ஆனால் படிப்பது தமிழ்தான். அவர்களுக்கான கைக்குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பழைய சிட்டி எஞ்சினில் புகை வெளியேறும் பக்கம் ரேடியேட்டரை நோக்கி இருக்கும். கே வரிசையில் அது பின்புறம், அதாவது ஓட்டுநரின் காலுக்கு முன்னால் உள்ள தகட்டுச் சுவரை நோக்கி இருக்கும். அந்த இடைவெளியில்தான் சக்கரங்களைத் திருப்பும் பல் வெட்டிய தண்டான ஸ்டியரிங் ராக் குறுக்காகக் கிடக்கிறது. அதன் அருகிலேயே சப்ஃபிரேமின் பின் விட்டமும் செல்கிறது. போதாக்குறைக்கு, கே வரிசை எஞ்சின் பழைய ஹோண்டா எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. எஞ்சினும் கியர்பெட்டியும் இடம் வலம் மாறி அமர்கின்றன. ஆகவே பழைய தாங்கிகளில் எதுவும் நேராகப் பொருந்தாது. இந்த நெருக்கடியில் சப்ஃபிரேமைத் தனியாகவும் ராக்கைத் தனியாகவும் தேர்ந்தெடுக்க முடியாது. ராக் எதன் மேல் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

அது ஏன் முதல் கேள்வி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் துணைச்சட்டகம் என்ற சொல்லுக்கு என் மறுப்பு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. உயரமான எஞ்சின் பானெட்டில் இடித்தால், சப்ஃபிரேமுக்கும் காரின் உடலுக்கும் இடையே தடித்த வளையங்களை வைத்து அதைக் கீழே இறக்குவது ஒரு வழக்கம். ராக் சப்ஃபிரேமின் மேல் இருந்தால் அதுவும் உடன் இறங்கும். அப்போது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கும் ராக்குக்கும் உள்ள உறவு கெடாது, ஆனால் ஸ்டியரிங் தண்டின் மூட்டு கூடுதலாக மடியும், நீளமும் போதாமல் போகலாம். ராக் உடலில் பூட்டப்பட்டிருந்தாலோ கீழ்க்கையின் உள்முனை மட்டும் இறங்கி, ராக் மேலேயே நின்றுவிடும். பிறகு சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது கீழ்க்கை ஒரு வளைவிலும், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் இன்னொரு வளைவிலும் செல்ல, ஓட்டுநர் கையை அசைக்காமலே சக்கரம் திரும்பும். பிரிட்டனில் 1959இல் வெளிவந்த மினி காரில் முன் சப்ஃபிரேம் உண்டு, ஆனால் அதன் ராக் உடலின் தரைத்தகட்டில் வளையாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால் சப்ஃபிரேமை இறக்கியாக வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று உட்காராவிட்டாலும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாத உறவு அது.

இப்போது துணைச்சட்டகத்துக்கு வருகிறேன். துணை என்று ஒன்றைச் சொன்னால் தலைமையான ஒன்று இருக்க வேண்டும். லாரியில் அடிச்சட்டகம் இருக்கிறது. அதன் மேல் இன்னொன்றைப் பூட்டினால் அதைத் துணைச்சட்டகம் என்பது முறையே. சிட்டி போன்ற சிறு கார்களில் தனி அடிச்சட்டகமே கிடையாது. தகடுகளைப் பற்றவைத்த உடலே பாரத்தைச் சுமக்கிறது. வேந்தரே இல்லாத பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரை நியமித்தது போலாகிறது நம் சொல். அந்த உறுப்பு செய்யும் வேலையோ துணைவேலை அன்று: எஞ்சினின் எடையில் ஒரு பங்கையும், இரு கீழ்க்கைகளின் இழுப்பையும், பல வண்டிகளில் ராக்கின் உதைப்பையும் அதுவே தாங்குகிறது.

இன்னொரு இடையூறு எழுதும்போதுதான் தெரிந்தது. ராக்குக்கு நம் குழுமத்தின் கலைச்சொல் பட்டியலில் பற்சட்டம் என்று இருக்கிறது. என் முதல் வரைவில் "பற்சட்டத்தைத் துணைச்சட்டகத்திலிருந்து கழற்றவும்" என்று எழுதியிருந்தேன். அதே பக்கத்தின் அடியில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்னும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், அதை வலியுறுத்திய 2019 ஜனவரி மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் நினைவூட்டி, இந்த வண்டி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு மட்டுமே என்று ஓர் எச்சரிக்கை சேர்த்திருந்தேன். சட்டம், சட்டகம், பற்சட்டம் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்ததைப் படித்த மூத்த தொழிலாளி, "இதில் எதைக் கழற்றுவது, எதை மீறுவது, ஐயா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனால் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தொட்டில் என்பது அழகான சொல்தான். ஆனால் தமிழ்த் தொட்டில் மேலிருந்து கட்டித் தொங்குவது, ஆடுவது. இங்கே எஞ்சின் கீழிருந்து தாங்கப்படுகிறது. ஆடினால் வேலை கெட்டது என்று பொருள். ஆங்கிலத்தார் மனத்தில் உள்ள தொட்டில் தரையில் நிற்பது என்பதால் அவர்களுக்குப் பொருந்துகிறது.

அந்த மூத்த தொழிலாளிதான் எனக்கு வழி காட்டினார். சப்ஃபிரேமைத் தரையில் கிடத்திக் காட்டி, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "மாட்டு வண்டிக்குப் பார் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி" என்றார். அச்சின் மேல் அமர்ந்து வண்டியின் பாரத்தைத் தாங்கும் நெடுமரங்களே பார். இது இன்று நேற்று வந்த சொல் அன்று. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியைப் பாடும்போது "எழூஉப்புணர்ந் தன்ன பரூஉக்கை நோன்பார்" என்கிறது. கதவுக்கு இடும் கணைய மரங்கள் இரண்டைச் சேர்த்து வைத்தாற்போலப் பருத்த கைகளையுடைய வலிய பார் என்று பொருள். இரு பக்கக் கைகளும் இடையே பிணைப்பும் கொண்ட இந்த இரும்பு உறுப்பை அப்புலவர் பார்த்திருந்தாலும் வேறு சொல்லைத் தேடியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எனவே சப்ஃபிரேமுக்குத் தாங்குபார் என்றும், ஒற்றை விட்டமாக மட்டும் இருக்கும் கிராஸ் மெம்பருக்குக் குறுக்குப்பார் என்றும் முன்மொழிகிறேன். ஸ்டியரிங் ராக்குக்குப் பல்தண்டு போதும். அது உண்மையில் பல் வெட்டிய தண்டுதான், சட்டம் அன்று. எந்தப் பல்தண்டு என்று தெளிவாக்க வேண்டிய இடத்தில் திருப்பு பல்தண்டு என்று விரித்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்குக்கு யாழ்ப்பாணத்து அன்பர் கேட்ட சுக்கானை நான் மறுக்கவில்லை. அரபியிலிருந்து கடலோடிகள் வழியாக வந்து நிலைத்த சொல் அது. ஆனால் பெங்களூருவில் அதைச் சொன்னால் கப்பலைத் தேடுவார்கள். எஞ்சினை எஞ்சின் என்றே எழுதியிருக்கிறேன். பொறி என்றால் எலிப்பொறியும் தீப்பொறியும் கூடவே வருகின்றன.

பார் என்பதிலும் குறை இல்லாமல் இல்லை. உலகம் என்ற பொருளும், பார்ப்பது என்ற ஏவலும், மது விற்கும் கடையும் ஒருபுறம் இருக்கட்டும். அவற்றைச் சூழல் பிரித்துவிடும். டர்போ பொருத்திய எஞ்சினில் காற்றழுத்தத்தை அளக்கும் அலகும் பார்தான் என்பதே உண்மையான சிக்கல். "0.6 பார்" என்று ஒரு வரியிலும் பாரை இறக்கு என்று அடுத்த வரியிலும் எழுதினால் பழைய குழப்பமே திரும்பிவிடும். ஆகவே தாங்குபார், குறுக்குப்பார் என்று கூட்டுச்சொல்லாக மட்டுமே வர வேண்டும், தனித்து வரக் கூடாது என்பதைப் பட்டியலில் குறிப்பாகச் சேர்க்க வேண்டுகிறேன். பேராசிரியர் ஐயாவின் சொல்லை மதித்து, குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லும் முதன்முறை வரும்போது "சப்ஃபிரேம் எனப்படும் தாங்குபார்" என்று எழுதியிருக்கிறேன், ஜே.சி. சாலையில் உதிரிப்பாகம் கேட்கப் போகிறவருக்குக் கடைக்காரரின் சொல்லும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

டை ராடுக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. கட்டுக்கம்பி என்று இருவர் எழுதியிருந்தீர்கள். கட்டட வேலையில் கட்டுக்கம்பி என்பது இரும்புக் கம்பிகளை முடிச்சிட்டுக் கட்டும் மெல்லிய கம்பி. பணிமனைக்கு எதிரிலேயே ஒரு கட்டடம் எழும்புகிறது. கட்டுக்கம்பி எடுத்து வா என்று பையனை அனுப்பினால் அங்கிருந்து ஒரு சுருளோடு வருவான். இணைகோல் என்பது எப்படி?

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து