மார்ட்கேஜ் வட்டி உதவியும் யுனிவர்சல் கிரெடிட்டும்: லண்டனில் இந்த உதவியைப் பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். மார்ச்சில் வேலை போனது. இப்போது நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏவும் (வேலை தேடுபவருக்கான அரசு உதவித்தொகை), மனைவியும் நானும் சேர்ந்து போட்ட யுனிவர்சல் கிரெடிட்டும் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மாதாந்தர அரசு உதவி) வருகின்றன, ஆனால் ஜேஎஸ்ஏ எத்தனை பவுண்டோ அத்தனையையும் யுனிவர்சல் கிரெடிட்டில் கழித்துவிடுகிறார்கள், ஆக இரண்டும் சேர்ந்தும் கையில் ஒன்றும் கூடவில்லை.

இப்போது மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) வட்டிக்கான அரசு உதவிக்குப் போட்டால் அதையும் வருமானம் என்று கழிப்பார்கள் என்கிறார் மச்சான். நான் படித்த வரை அப்படி இல்லை. 2018 ஏப்ரலில் இருந்து அது கடன்தான், வீட்டின் மேல் எழுதிக்கொள்வார்கள், மார்ட்கேஜில் 2 லட்சம் பவுண்டு வரைக்கான வட்டி மட்டும், அதுவும் அவர்கள் வைத்த விகிதத்தில், நேராக வங்கிக்கே போகும். வீட்டை விற்கும்போது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். சரி, அது பரவாயில்லை.

என் கவலை வேறு. இந்த உதவி கிடைக்க, தொடர்ந்து மூன்று மாதம் யுனிவர்சல் கிரெடிட் வந்திருக்க வேண்டுமாம். மனைவி கடையில் பார்ட் டைம், கிறிஸ்துமஸ் மாதம் கூடுதல் ஷிஃப்ட் வந்து எங்களுக்கு அந்த மாதம் யுனிவர்சல் கிரெடிட் பூஜ்யம் என்று ஜர்னலில் (எங்கள் ஆன்லைன் கணக்கில்) போட்டுவிட்டால், மூன்று மாத எண்ணிக்கை திரும்ப ஒன்றில் இருந்தா? யாருக்காவது அப்படி நடந்ததா? அப்புறம், இந்தக் கடன் வீட்டின் மேல் இருக்கும்போது ரீமார்ட்கேஜ் (பழைய வீட்டுக் கடனுக்குப் பதில் புதிது எடுப்பது) செய்தவர்கள் இருந்தால், வங்கி மறுத்ததா என்றும் சொல்லுங்கள் அண்ணா, அக்கா.