ஸ்கேனர் வந்தப்புறம் மெக்கானிக் செட்டுக்கு வேலை இருக்கா இல்லையா?

பழைய பிஸ்டன் (திருச்சி):

செக் இன்ஜின் லைட் எரிஞ்சாலே இப்பல்லாம் வயித்தக் கலக்குது. என்னோடது பழைய பெட்ரோல் கார், கம்பெனி பேரு வேண்டாம். சிக்னல்ல நின்னா ஐடிலிங் ஆடுது, ஏசி போட்டா ஆஃப் ஆகற மாதிரி வருது. சர்வீஸ் சென்டர்ல விட்டேன், ஸ்கேனர, அதான் வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான தப்ப படிக்கற மெஷின, மாட்டி பி0171னு எரர் கோட் வருது, ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுன்னு மாத்தினாங்க, எட்டாயிரத்து சொச்சம் பில். கொஞ்ச நாள்ல திரும்ப அதே லைட்டு அதே கோட். இப்ப த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள்ள போற காத்த திறந்து மூடற பாகம்) மாத்திப் பாக்கலாம்ங்கறாங்க. மாத்திப் பாக்கலாம்னா என்ன அர்த்தம்? எது போச்சுன்னு தெரியாமலே என் காசுல ஒவ்வொண்ணா மாத்துவாங்களா?

எங்கப்பா மாருதி 800 வச்சிருந்தாரு, கம்ப்யூட்டர் இல்லாம பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர் மாடல். பாலக்கரையில ஒரு மேஸ்திரி பானெட்டத் தூக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா கேப்பாரு, அப்புறம் ஒவ்வொரு பிளக் வயரா எடுத்து சத்தம் மாறுதான்னு பாப்பாரு, எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு அங்கயே தெரிஞ்சிடும். கார்புரேட்டர கழட்டி பெட்ரோல்ல கழுவி பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையான ஜெட்ட ஊதி மாட்டி ஸ்க்ரூவ லேசா திருப்புவாரு, வண்டி சீராயிடும். அந்தத் தொழிலையே இந்த எலக்ட்ரானிக்ஸ் அழிச்சிடுச்சு. இப்ப இருக்கறவங்க மெக்கானிக் இல்ல, பார்ட்ஸ் மாத்தறவங்க. இதான் என் கருத்து.

லேம்டா (சென்னை):

உங்க கோபம் நியாயம், ஆனா போய் சேர வேண்டிய இடம் வேற. பி0171னா "ஆக்சிஜன் சென்சார் போச்சு"ன்னு அர்த்தமே இல்ல சார். காத்து அதிகம் பெட்ரோல் கம்மி, ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், தன்னால முடிஞ்ச அளவுக்கு பெட்ரோல கூட்டியும் சரி ஆகலங்கறதுதான் அது. அத கண்டுபிடிச்சு சொன்னதே அந்த சென்சார்தான், சொன்னவனையே கழட்டிப் போட்டுட்டாங்க.

அதே ஸ்கேனர்ல லைவ் டேட்டான்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஃபியூல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோல எத்தனை சதவீதம் கூட்டுது குறைக்குதுங்கறத, பாக்கணும். ஐடிலிங்ல ட்ரிம் பிளஸ் இருபதுக்கு மேல நிக்குது, 2,500 ஆர்பிஎம்ல புடிச்சா சாதாரணத்துக்கு வந்துடுதுன்னா எங்கயோ வேக்குவம் லீக், அளக்காத காத்து உள்ள புகுது: இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள தேங்கற ஆவிய இன்டேக்குக்கு கொண்டுபோற குழாய்) இதுல ஏதாவது ஒண்ணு. அதுக்கு நேர்மாறா ரேஸ் பண்ண பண்ண ட்ரிம் ஏறுச்சுன்னா பெட்ரோல் பம்ப் வீக், இல்ல ஃபில்டர் அடைப்பு, இல்ல காத்த அளக்கற எம்ஏஎஃப் சென்சார்ல அழுக்கு. இது எம்ஏஎஃப் இருக்கற வண்டிக்கு. காத்த நேரா அளக்காம இன்டேக் பிரஷர வச்சு கணக்கு போடற மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில லீக் வந்தா பெரும்பாலும் லீன், அதாவது பெட்ரோல் கம்மி, ஆகாம ஐடிலிங்தான் ஏறும், அங்க கணக்கு வேற. இத பாக்கறதுக்கு பத்து நிமிஷம் போதும், ஒரு பார்ட்டும் மாத்த வேண்டாம்.

கார்புரேட்டர் பத்தியும் சொல்லிடறேன். அந்த வண்டிய எடுத்துக்கிட்டு 2,200 மீட்டருக்கு மேல இருக்கற ஊட்டிக்கு ஏறினா காத்து குறைஞ்சு பெட்ரோல் அதிகமாகி மிக்சர் ரிச் ஆகி மூச்சு முட்டும், காலையில சோக் இழுத்து இழுத்து பிளக் நனைஞ்சு போகும். இப்ப பங்க்ல எத்தனால் 20 சதவீதம் கலந்து வருது, ஈசியூ இருக்கற வண்டி ஆக்சிஜன் சென்சார கேட்டு தானா பெட்ரோல கூட்டிக்கும், கார்புரேட்டருக்கு ஜெட்ட மாத்தினாதான் உண்டு. ரப்பர் ஹோஸ் கெட்டுப்போறது வேற பிரச்சனை, அது ரெண்டுக்கும் பொது.

கோவை டீசல்:

லேம்டா சொல்றது பெட்ரோலுக்கு சரிங்க. டீசலுக்கு வாங்க. முன்னாடி டீசல் பீச்சற இன்ஜெக்டர் போச்சுன்னா கழட்டி அத ரிப்பேர் பண்ற பம்ப் லேப்புக்கு எடுத்துட்டுப் போவோம், நாசில் மாத்தி பிரஷர் செட் பண்ணி சாயங்காலம் கையில குடுத்துடுவாங்க. இப்ப காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில இருந்து டீசல் போகுது, 1,600 பாருக்கு மேல பிரஷர், கண்ணுக்குத் தெரியாத தூசி போனாலே இன்ஜெக்டர் காலி. சரி புதுசு வாங்கி மாட்டிடலாம்னு பாத்தா, பல வண்டியில அதோட தலையில இருக்கற கோட ஸ்கேனர் வழியா ஈசியூவுல ஏத்தணுங்க. ஏத்தாம விட்டா புகையும் தட்டலும்தான் மிச்சம். அந்த ஸ்கேனருக்கும் லைசென்ஸுக்கும் சின்ன செட்டுக்காரன் எங்க போவான்?

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததுல இருந்து டிபிஎஃப்ங்கற புகைக்கரி ஃபில்டர் வேற. நாலு கிலோமீட்டர் ஆபீஸ், நாலு கிலோமீட்டர் வீடுன்னு ஓட்டறவங்களுக்கு அது சூடே ஆகாது, புகைக்கரி எரியறதுக்கு 600 டிகிரி கிட்ட வேணும், பாதியில வண்டிய ஆஃப் பண்ணிடறாங்க, கடைசில அடைச்சிட்டு லைட்டு எரியுது. இத வாங்கும்போது ஷோரூம்ல ஒருத்தரும் சொல்றதில்லங்க. நான் பிஸ்டன் அண்ணன் பக்கம்தான். தொழில் சின்ன ஆளுங்க கைய விட்டுப் போயிடுச்சு.

நெல்லை ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

நான் செட்டு வச்சிருக்கவன், அதனால சொல்லுதேன். கோவை அண்ணாச்சி, கை விட்டுப் போகல. கை மாறிருக்கு. முன்னாடி இன்ஜின் மேஸ்திரி ராஜா, நாங்க ஹார்ன், லைட்டு, செல்ஃப் மோட்டார் பாக்கற ஆளுங்க, ஓரமா நிப்போம். இப்ப இன்ஜின் மேஸ்திரியே வண்டிய எங்கிட்ட தள்ளிக்கிட்டு வாராரு.

எங்கிட்ட வர்ற வண்டியில பெரும்பாலும் கேஸ் என்ன தெரியுமா, எலி. ஒத்த வயர கடிச்சி வச்சிருக்கும், ஸ்கேனர்ல அஞ்சாறு சென்சார் பேரு ஒண்ணா வரும். தெரியாதவன் அஞ்சையும் மாத்தச் சொல்லுவான். ஆனா அந்த சென்சார்லாம் ஈசியூ குடுக்கற ஒரே 5 வோல்ட் லைன்ல இருக்கு, ஏதோ ஒண்ணு எர்த் ஆனா மொத்த லைனும் உக்காந்துரும். மல்டிமீட்டர அந்த 5 வோல்ட்ல வச்சிக்கிட்டு ஒவ்வொரு சாக்கெட்டா கழட்டணும், எத கழட்டும்போது வோல்ட் திரும்ப வருதோ அதான் குத்தவாளி. எதக் கழட்டியும் வரலன்னா வயர தேடணும்.

வண்டி ஸ்கேனருக்கு பேசவே மாட்டேங்குதா, பேட்டரிய கழட்டிட்டு டேஷ்போர்டுக்கு கீழ இருக்கற ஸ்கேனர் மாட்டற ஓபிடி சாக்கெட்டுல 6ம் நம்பர் பின்னுக்கும் 14ம் நம்பர் பின்னுக்கும் நடுவுல ஓம் பாரு. 60 வந்தா கேன் லைன், அதான் வண்டியில உள்ள கம்ப்யூட்டர்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற ரெண்டு வயரு, நல்லாருக்கு. 120 காட்டுச்சின்னா ரெண்டு முனையில இருக்கற ரெசிஸ்டர்ல ஒண்ணு அத்துப்போயிருக்கு, இல்ல நடுவுல வயரு போயிருக்கு. சைபர் கிட்ட வந்தா ரெண்டு வயரும் ஒட்டிக்கிச்சி. இதுக்கு சாதாரண மீட்டர் போதும், லட்ச ரூவா மெஷின் வேண்டாம். பாலக்கரை மேஸ்திரி பிளக் வயர எடுத்து சத்தம் கேட்டாருல்லா, அதே புத்திதான் இது, என்ன காதுக்குப் பதிலா மீட்டர்.

பிஸ்டன் அண்ணாச்சி, அந்த பிசிவி ஹோஸ ஆள விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஒன்பது பத்து வருச வண்டியில அது கிழியும்.

பழைய பிஸ்டன் (திருச்சி):

லேம்டா, நெல்லை ரெண்டு பேருக்கும் நன்றி, ட்ரிம் பாக்கச் சொல்றேன். ஆனா என் கேள்விக்கு பதில் வரல. நீங்க சொல்ற மாதிரி பாக்கத் தெரிஞ்ச ஆளு ஊருக்கு எத்தனை பேரு? ஐடிஐல ரெண்டு வருசம் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிச்சிட்டு வந்த ஒரு தம்பிகிட்ட பேசினேன், கிளட்ச் கழட்டி மாட்டறது சுத்தமா தெரியுது, ஃபியூல் ட்ரிம்னா என்னன்னு முழிக்கிறான். தப்பு அவன் மேல இல்ல, அவனுக்கு யாரும் நின்னு காட்டிக் குடுக்கல. பழைய வண்டியில தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சது, பாத்துப் பாத்தே பையனுங்க தொழில் கத்துக்கிட்டாங்க. வயருக்குள்ள ஓடற சிக்னல எத பாத்து கத்துப்பான்?

மழைவாசம் (வேளச்சேரி):

வெள்ளத்த யாருமே பேசலையே. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம், ரெண்டு தடவையும் எங்க ஏரியாவுல கார் எல்லாம் சீட்டு வரைக்கும் தண்ணியில நின்னுச்சு. தெருவுல ஒரு பழைய அம்பாசிடர் இருந்துச்சு, ஆயில் மாத்தி பிளக் கழட்டி காய வச்சு இக்னிஷன் பாயிண்ட தேச்சு எடுத்துட்டாங்க. புது கார்காரங்களுக்கு ஈசியூ, ஏர்பேக் மாட்யூல், சீட்டுக்கு அடியில போற வயரிங்னு எஸ்டிமேட்டே வண்டி விலைக்கு பக்கத்துல வந்து டோட்டல் லாஸ் போட்டுட்டாங்க. வருசா வருசம் மழை பயத்தோட இருக்கற ஊருல இந்த மாதிரி வண்டி நமக்கு சரிதானான்னு கேக்கத் தோணுது. லோன் கட்டிட்டு இருக்கறவங்க நிலைமைய நேர்ல பாத்தேன், அழுதாங்க.

லேம்டா (சென்னை):

மழைவாசம், வருத்தமா இருக்கு, நானும் அந்தப் பக்கம்தான். ஆனா ஒண்ணு, தண்ணியில நின்ன வண்டிய சாவி போட்டுப் பாக்கறதால போற இன்ஜின் நிறைய. சிலிண்டருக்குள்ள தண்ணி புகுந்தா பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். அது அம்பாசிடருக்கும் நடக்கும். எந்த வண்டியா இருந்தாலும் முதல்ல பேட்டரிய கழட்டுங்க, ஸ்டார்ட் பண்ணாம தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. இன்சூரன்ஸ்ல இன்ஜின் புரொடெக்ட்னு தனியா ஒண்ணு இருக்கு, சாதாரண பாலிசியில தண்ணியால இன்ஜின் போனா பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க. ஈசியூ நனையற விஷயத்துல நீங்க சொல்றது சரி, மறுக்க மாட்டேன்.

பணிமனைக்காரன் (ஓசூர்):

நான் ஒரு சர்வீஸ் சென்டர்ல வேலை பாக்கறேன். பிஸ்டன் சாருக்கு நடந்தது தப்புதான், கோட பாத்து பார்ட் மாத்தறது டயக்னோசிஸ் இல்ல. ஆனா எல்லாத்தையும் வெளிய செஞ்சுக்கலாம்ங்கற மாதிரி பேச்சு போறது எனக்கு பயமா இருக்கு. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கற வண்டிக்கு பின்னாடி பேட் மாத்தணும்னா முதல்ல சர்வீஸ் மோடுல போடணும், அது தெரியாம பிரேக் பிஸ்டன சி கிளாம்ப் போட்டு அமுக்கினா உள்ள இருக்கற மோட்டார் போயிடும். ஏர்பேக் வயர்ல டெஸ்ட் லேம்ப் வச்சா மூஞ்சிலயே வெடிக்க வாய்ப்பிருக்கு, அதுக்குதான் அந்த சாக்கெட்ட மஞ்சளா குடுத்திருக்காங்க. முன் கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா இருக்கற வண்டியில கண்ணாடி மாத்தினா பல மாடல்ல கேமராவ திரும்ப கேலிபரேஷன் பண்ணணும், விட்டுட்டா தானா பிரேக் புடிக்கற சிஸ்டம் தப்பான இடத்துல புடிக்கும். கம்பெனி பாஸ்வேர்ட் போட்டு பூட்டறதுக்கு இதெல்லாம் காரணம். சாவி கோடிங்க எல்லாருக்கும் திறந்து விட்டா வண்டி திருடறவனுக்கும் சேத்துதான் திறக்கறோம்.

நெல்லை ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

பணிமனை தம்பி, ஏர்பேக் விஷயம் ஒத்துக்கிடுதேன், எங்க கடையில மஞ்ச சாக்கெட்ட தொடணும்னா பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டுதான் பையனுங்கள கை வைக்க விடுவேன். ஆனா நீங்க சொல்ற அந்த சர்வீஸ் மோடு எப்படி போடணும்னு ஒரு புக்குல போட்டு காசுக்கு வித்தா நான் வாங்க மாட்டேனா? ஆபத்து இருக்குன்னா சொல்லிக் குடுக்கணும். பூட்டி வச்சா என்ன ஆவுதுன்னா பையன் யூடியூப் பாத்து, களவு சாஃப்ட்வேர் போட்ட ஸ்கேனர வச்சி செய்யுதான், அதுலதான் ஈசியூ செத்துப்போவுது. பழைய பார்ட்ஸ் விக்கற சென்னை புதுப்பேட்டையில பழைய ஈசியூ கிடைக்கும், ஆனா திருட்டத் தடுக்கற இம்மொபிலைசர் ஒத்துக்கிடாது, அந்த ஈசியூ நம்ம சாவிய ஏத்துக்காது, பழைய மெமரிய எடுத்து இதுல எழுதினாதான் ஸ்டார்ட்டே ஆவும். வண்டி ஓனரு ஆர்சி புக்கோட முன்னாடி நிக்கும்போது இத நேர் வழியில செய்யறதுக்கு எங்களுக்கு ஒரு வழி வேணும்லா?

லேம்டா (சென்னை):

இது வெறும் செட்டுக்காரங்க ஆசை இல்ல, நம்ம நாட்டுலயே தீர்ப்பு வந்த விஷயம். 2014 ஆகஸ்ட்ல போட்டி ஆணையம், அதான் சிசிஐ, 14 கார் கம்பெனிக்கு 2,544 கோடி அபராதம் போட்டுச்சு. ஸ்பேரையும் டயக்னாஸ்டிக் டூலையும் வெளி மெக்கானிக்குக்கு கிடைக்க விடாம வச்சிருந்தாங்கன்னுதான் கேஸே. வெளிய வேலை பாத்தாங்கங்கற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியும் போச்சுன்னு சொல்லக் கூடாது, வெளிய செஞ்ச வேலையால எது கெட்டுச்சோ அதுக்கு மட்டும்தான் மறுக்கலாம்னும் அதுல இருக்கு. கம்பெனிங்க அப்பீலுக்கு போனாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 2012லயே இதுக்கு சட்டம் போட்டு, 2020ல ஓட்டெடுப்பு வச்சு வண்டி காத்து வழியா அனுப்பற டேட்டாவுக்கும் சேத்து நீட்டினாங்க. நம்ம நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர், அதான் ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்கான, போர்ட்டல் திறந்தாங்க, அதுல காரும் இருக்கு. ஆனா போர்ட்டல்ல கஸ்டமர் கேர் நம்பர பாத்து நெல்லை அண்ணன் என்ன பண்ணுவாரு? அவருக்கு வேணும்ங்கறது வயரிங் டயக்ராமும் பாஸ்வேர்டும்.

பணிமனைக்காரன் (ஓசூர்):

டயக்ராம் காசுக்கு குடுக்கலாம், ஒத்துக்கறேன். பிரேக், ஏர்பேக், சாவி இந்த மூணுலயும் நான் மாற மாட்டேன். வெளிய ஒருத்தர் ஏபிஎஸ் (பிரேக் புடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாக்கற சிஸ்டம்) யூனிட்டுல காத்து எடுக்காம விட்டு, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போற நிலைமையில குடும்பத்தோட வந்த வண்டிய நான் பாத்திருக்கேன். அந்த காத்த எடுக்க ஸ்கேனர் வச்சு உள்ள இருக்கற வால்வ ஓட்டணும். யாரு கையில இருக்குங்கறது முக்கியம்.

கோவை டீசல்:

அப்ப லைசென்ஸ் வைங்க. பரீட்சை வச்சு பாஸ் பண்ண செட்டுக்காரங்களுக்கு பாஸ்வேர்ட் குடுங்க, யாரு எந்த வண்டிக்கு எப்ப வாங்கினாங்கன்னு பதிவு பண்ணுங்க. திருட்டு பயத்துக்கும் அது பதில்தானுங்க. பரீட்சைக்கு பாஸ்வேர்ட் கிடைக்கும்னு தெரிஞ்சா ஐடிஐ தம்பிங்க படிக்கவும் செய்வாங்க.

பழைய பிஸ்டன் (திருச்சி):

கோவை சொல்றதுக்கு என் ஓட்டு. தொழிலே அழிஞ்சிடுச்சுன்னு நான் போட்டதுல நெல்லை எழுதினத படிச்சப்புறம் அந்த அளவுக்கு நிக்க முடியல, ஆனா அழிச்சிக்கிட்டு இருக்காங்கங்கறதுல மாத்தமில்ல. பணிமனை தம்பி, உங்க சென்டர்ல ஒரு ஆளு வெறும் டயக்னோசிஸ் பண்ணி ஒரு பார்ட்டும் விக்காம அனுப்பினா அவருக்கு இன்சென்டிவ் உண்டா? அத மட்டும் சொல்லுங்க.

பணிமனைக்காரன் (ஓசூர்):

இல்ல சார். பார்ட்ஸ் பில்லுக்குதான் டார்கெட். டயக்னோசிஸுக்கு தனியா லேபர் போட்டா கஸ்டமரும் "சும்மா மாட்டிப் பாத்ததுக்கு ஆயிரமா"ன்னு சண்டைக்கு வராங்க. ரெண்டு பக்கமும் இருக்கு.

நெல்லை ஆட்டோ எலக்ட்ரிக்கல்:

அந்த ஆயிரத்த குடுங்க அண்ணாச்சி. ரெண்டு மணி நேரம் மீட்டர வச்சி தேடி ஒத்த வயர ஒட்டிட்டு நான் கேக்கற கூலியும் அதான். வயரு விலை அஞ்சு ரூவாதான்னு சொல்லி பேரம் பேசறவங்களாலதான் பாதி பேரு இந்த வேலைய விட்டுட்டு சீட் கவரு, மியூசிக் சிஸ்டம்னு போயிட்டானுவ.