குறுங்கோள் மேடுகளுக்கு ‘பனி எரிமலை’ சரிதானா?

வணக்கம். சீரிஸ், புளூட்டோ போன்ற குறுங்கோள்களில் (dwarf planets) பாறைக்குழம்புக்குப் பதிலாகக் குளிர்ந்த பொருள் வெளிவந்து உண்டானதாகக் கருதப்படும் மலைகளைக் கிரையோவால்கனோ (cryovolcano) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒரு நண்பர் எழுதியது:

> கிரையோவால்கனோ = பனி எரிமலை. எல்லாருக்கும் புரியும். இத்தோடு முடித்துக்கொள்ளலாமே?

புரியும், மறுக்கவில்லை. பனி எப்படி எரியும் என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். அது பெரிய தடை இல்லை. எரிமலையிலும் எதுவும் எரிவதில்லை, உருகிய பாறைதான் வழிகிறது. என் தயக்கம் வேறு. சீரிசின் அகுனா மலைக்கும் புளூட்டோவின் ரைட் மலைக்கும் இந்தப் பெயரை ஒட்டினால், அவை எப்படி உண்டாயின என்ற வழக்குக்கும் நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

அகுனாவை எடுத்துக்கொள்வோம். நாசாவின் டான் விண்கலம் 2015-இல் சீரிசைச் சுற்றத் தொடங்கிய பிறகு தெரியவந்த மலை. உயரம் சுமார் 4 கி.மீ., அடிவார அகலம் சுமார் 17 கி.மீ. பக்கங்கள் செங்குத்து, அவற்றில் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள். அதற்கு இணையான இன்னொரு மலை அந்தக் குறுங்கோளில் இல்லை. உப்புநீரும் சேறும் கலந்த குழம்பு அடியிலிருந்து மெதுவாகப் பிதுங்கி, வெளியே வந்து இறுகிவிட்டது என்பதுதான் இப்போதைக்கு வலுவான விளக்கம். பற்பசையை அழுத்தினால் நுனியில் குவிந்து நிற்குமே, அந்த மாதிரி. மாற்றாக முன்வைக்கப்பட்ட ‘உமிழ்மலை’யும் இதனால்தான் இடறுகிறது. வினைத்தொகை என்பதால் உமிழ்ந்த, உமிழ்கிற, உமிழும் என்று மூன்று காலத்துக்கும் இடம் தரும் என்ற வாதம் அழகுதான். ஆனால் அந்த மலை உமிழவே இல்லையே!

ஏன் ஒற்றை மலை என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. பனி நிறையக் கலந்த மலை தன் எடையாலேயே கோடிக்கணக்கான ஆண்டுகளில் தளர்ந்து பரந்துவிடும். அகுனாவின் மூத்த மலைகள் இப்படித் தரையோடு படிந்திருக்கலாம்.

ரைட் மலை இன்னும் சிக்கல். நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்தபோது கிடைத்த படங்களில் இருப்பது: சுமார் 150 கி.மீ. அகலம், 4 கி.மீ. உயரம், நடுவில் மாபெரும் குழி. குழியின் அடி ஏறக்குறைய சுற்றுப்புறத் தரைமட்டம் வரை இறங்குகிறது. நமக்குப் பழக்கமான எரிமலை வாய் அப்படி இருக்காது. மேற்பரப்பில் விண்கல் பள்ளங்கள் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே வயதில் இளையது. ஆனால் மைனஸ் 230 டிகிரி அளவில் உறைந்து கிடக்கும் இடத்தில் இவ்வளவு பொருளை மேலே தள்ளிய வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அதனால் வடிவத்துக்கு ஒரு சொல், நிகழ்வுக்கு வேறொரு சொல் என்று பிரிப்போம். அகுனா ‘குவிமேடு’, ரைட் ‘குழிமேடு’. நிகழ்வுக்குக் ‘குளிர்ப்பிதுக்கம்’, பிதுங்கும் பொருளுக்குக் ‘குளிர்க்குழம்பு’. பூமியின் பாறைக்குழம்பு 1000 டிகிரியைக்கூடத் தாண்டும்போது இதைக் குளிர் என்பதில் தப்பில்லை. பெயரில் பனி என்ற சொல்லையும் தவிர்த்துவிடலாம். சீரிசில் உப்புநீர், புளூட்டோவில் நைட்ரஜனும் மீத்தேனும்கூட உண்டு, எல்லாவற்றையும் பனி என்றால் குழப்பம்தான்.

விண்பொருள்களுக்குப் பெயரிடும் பன்னாட்டு வானியல் ஒன்றியமும் வடிவத்தை வைத்தே வகைப்பெயர் தருகிறது. அதன் பலனைச் சீரிசின் ஒக்கேட்டர் பள்ளத்தில் பார்க்கலாம். 92 கி.மீ. அகலமுள்ள அந்தப் பள்ளத்தின் பளிச்சிடும் புள்ளிகளைப் பனி என்று பலர் முதலில் நினைத்தார்கள். 2015 இறுதியில் மக்னீசியம் சல்பேட் என்று ஓர் ஆய்வு வந்தது. 2016-இல் சோடியம் கார்பனேட் என்று தெரிந்தது. பளிச்சிடும் திட்டு என்று மட்டும் பொருள்படும் ஃபேக்குலா (facula) என்ற வகைப்பெயர் மட்டும் மாறவே இல்லை. இதற்குத் தமிழில் ‘ஒளிர்திட்டு’ வேண்டாம், அது தானே ஒளி விடுவதில்லை. ‘வெண்திட்டு’ போதும். புணர்ச்சி விதிப்படி வெண்டிட்டுதான், தெரியும். வெண்தாமரையை ஏற்றுக்கொண்ட கண்ணுக்கு இதுவும் பழகிவிடும்.

அகுனா என்பதை மொழிபெயர்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது நாகாலாந்தின் சுமி நாகர்களின் அறுவடை விழாப் பெயர். அப்படியே இருக்கட்டும்.

புளூட்டோவின் டார்ட்டரஸ் பகுதியில் 500 மீட்டர் வரை எழும் மீத்தேன் பனிவரிசைகளுக்குக் ‘கூர்வரப்பு’ என்பேன். அரை கிலோமீட்டர் வரப்பா என்று சிரிக்கலாம், ஆனால் பக்கம் பக்கமாக ஓடும் கோலம் அதில் வந்துவிடுகிறது. இன்னொரு யோசனையான ‘பதங்கமுள்’ளில் காரணம் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பதங்கமாதல் (திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவது)தான் காரணம் என்பது அநேகமாகச் சரி என்றாலும், அதை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் புளூட்டோவின் ஸ்புட்னிக் சமவெளி. அங்கே நைட்ரஜன் பனி நடுவில் மேலெழுந்து ஓரங்களில் அமிழ்ந்து, பல கி.மீ. அகலத்துக்குப் பலகோணங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ‘கட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன், சதுரம் நினைவுக்கு வருகிறது. ‘பாளம்’ என்றால் அசையாத துண்டு போலத் தொனிக்கிறது, அதுவோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. இந்த ஒன்றுக்கு வேறு சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.