பொருள்: எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு முறிவு – சொல் வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சு

கோத்தகிரி செவிலியர்:
வணக்கம். முதியோர் விழுந்தால் செய்ய வேண்டியது பற்றித் துண்டறிக்கை போடுகிறோம். எக்ஸ்ரேயில் பிடிபடாமல் எம்.ஆர்.ஐ.யில் தெரியவரும் இடுப்பு முறிவை எப்படி எழுதுவது? போன மழையில் கொழுந்து மூட்டையோடு பாசிப்படியில் வழுக்கிய பாட்டியை, ‘எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல’ என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பத்தாம் நாள் எலும்பு விலகிவிட்டது. அந்த ‘ஒண்ணுமில்ல’வை மறுக்கிற சொல்லாக இருக்கட்டும்.

குன்னூர் தமிழாசிரியர்:
கரமுறிவு. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ குறளில் வரும் கரத்தல்தான்; ஒளித்தல் என்று பொருள். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். ராகு கேதுவைக் கரந்துறைகோள் என்பதும் இவ்வழியே. கரந்தைத் திணைக்கும் இதற்கும் உறவுண்டா என்பது என் நெடுநாள் ஐயம்...

உதகை பிசியோதெரபிஸ்ட்:
ஐயா, கரமுறிவு என்றால் கையில் மாவுக்கட்டு போட்டுவிடுவார்கள். மறைமுறிவு?

தமிழாசிரியர்:
மறை வேதமுமாகும், தம்பி. வேதத்தை முறித்த பழி நமக்கெதற்கு? கரவுமுறிவு என்றே வைப்போம்.

கூடலூரிலிருந்து:
அடுத்து ஒளிமுறிவு என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா கண்டியில் படித்த புத்தகத்தில் ஒளிமுறிவு என்றால் ஒளிவிலகல்! லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வெளியே தெரியாத அடியை ஊமைக்காயம் என்போம். ஊமைமுறிவு போதுமே.

பிசியோதெரபிஸ்ட்:
காலை அசைத்தாலே அலறுகிறவருக்கு ஊமையா? அந்தச் சொல்லே பலரைப் புண்படுத்தும்.

கூடலூரிலிருந்து:
ஊமை எலும்புதான், ஆள் இல்லை அண்ணா.

கோவை கதிரியக்க மருத்துவர்:
முறிவு ஒளிந்திருக்கவில்லை, எக்ஸ்ரேதான் காணவில்லை. எம்.ஆர்.ஐ.யில் டி1 என்ற வகைப் படத்தைப் பாருங்கள்: வெளுத்த மஜ்ஜைக்கு நடுவே கறுப்புக் கோடு. ஸ்டிர் என்ற இன்னொரு வகைப் படத்தில் சுற்றிலும் நீர் கோத்து வெள்ளையாக மின்னும். எக்ஸ்ரே சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ., அது 24 மணி நேரத்துக்குள் கிடைக்காவிட்டாலோ ஒத்துவராவிட்டாலோ சி.டி. என்று பிரிட்டனின் நைஸ் (மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அமைப்பு) வழிகாட்டி 2011இலேயே சொல்லியிருக்கிறது. இன்னொன்று, உடைவது இடுப்பு அல்ல. தொடையெலும்பின் மேல்முனை, பெரும்பாலும் அதன் கழுத்தோ அடுத்த பகுதியோ.

செவிலியர்:
டாக்டர், ‘தொடையெலும்புக் கழுத்து’ என்று எழுதினால் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். இடுப்பு இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
எம்.ஆர்.ஐ. மட்டும் ஆங்கிலத்திலேயே கிடக்கலாமா? காந்த ஒத்ததிர்வுப் படிமம் என்று...

செவிலியர்:
ஐயா, அது அடுத்த துண்டறிக்கைக்கு. மூன்று பேர் ஊமைமுறிவு, ஒருவர் மறைமுறிவு. ‘எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு (ஊமைமுறிவு)’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கீழே தடித்த எழுத்தில்: ‘எக்ஸ்ரே சரி என்றாலும், ஊன்றி நடக்க முடியாவிட்டால், தொடையிடுக்கில் வலித்தால், திரும்ப வாருங்கள்.’

தமிழாசிரியர்:
மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் என் கரவுமுறிவைக் காணோமே, அம்மா.

செவிலியர்:
கரந்துவிட்டது ஐயா.